கடைசி வாங்குக்குக் காத்திருக்கும் குரல்

என் அண்ணன் காதல் பாட்டுப் பாடினால் ஆட்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். கைதட்டுவதற்காக அல்ல. பூசையில் நிற்பதுபோல, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு நிற்பார்கள்.

இதை நான் கண்ணால் கண்டது எங்கள் சித்தப்பாவின் மகளின் கலியாண வரவேற்பில். மண்டபம் நிறையக் குருநகர்ச் சனம். இசைக்குழுவின் பாடகர் சாப்பிடப் போன நேரம் பார்த்து யாரோ அண்ணனை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். அண்ணன் ஒரு பழைய படப்பாட்டைத் தொடங்கினார். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் உங்கள் தலைக்குள் அந்தப் படத்தின் பாடகரே பாடத் தொடங்கிவிடுவார், பிறகு என் அண்ணனை நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். ஒவ்வொரு அடியிலும் காதலன் காதலியிடம் ஏதோ கேட்டுக்கொண்டே போகிற பாட்டு, அவ்வளவு போதும். இரண்டாவது அடி முடிவதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் எழும்பினார். அவர் எழும்ப, பின்னால் இருந்தவர்களும் எழும்பினார்கள். ஐஸ்கிறீம் கோப்பையோடு நின்ற ஒரு சின்னப் பெட்டை சிலுவை அடையாளம் போட்டாள்.

அண்ணனின் மனைவி, என் மச்சாள், சிரிப்பை அடக்கமுடியாமல் எழும்பித் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

வீடு திரும்பும்போது ஓட்டோவில் மூன்று பேரும் நெருங்கியடித்துக்கொண்டு இருந்தோம். மச்சாள்தான் கதையைத் தொடக்கினார்.

"இஞ்சாருங்கோ, குறை நினையாதையுங்கோ. நீங்கள் என்னைப் பாத்துப் பாடேக்கை, நான் பெட்டிக்கை கிடக்கிற மாதிரியும் நீங்கள் தலைமாட்டிலை நிண்டு வழியனுப்புற மாதிரியும் கிடந்தது."

ஓட்டோக்காரர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பக்கம் இழுத்தது.

"வடிவாத்தான் வழியனுப்பினியள்" என்றார் மச்சாள். "அதிலை ஒரு குறையும் இல்லை."

அண்ணனும் சிரித்தார். ஆனால் வீட்டடியில் இறங்கியதும் ஓட்டோக்காரரிடம் மிச்சக் காசு வாங்காமலே உள்ளே போய்விட்டார்.

அண்ணன் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழாமில் டெனர், ஆண்குரல்களில் மேல்சுருதிக்காரர். பகலில் இறங்குதுறைக்குப் பக்கத்துக் கொட்டிலில் படகு எஞ்சின் திருத்துகிறவர். கையில் எண்ணெய், தொண்டையில் அந்தக் குரல். பெரிய வெள்ளியில் பாடுகளின் பாட்டை அவர் தொடங்கினால் கோயிலுக்கு வெளியே மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நிற்கிற பெடியள்கூட உள்ளே வருவார்கள். படகு ஆசீர்வாதத்துக்கு அவர், ஞானஸ்நானத்துக்கு அவர், சேமக்காலையில் குழிக்கரையில் நின்று கடைசிப் பாட்டுப் பாடுவதும் அவர். கிறிஸ்தவப் பாட்டுகளில் இரண்டு அல்பம் செய்திருக்கிறார். கனடாவில் எங்கள் ஆட்கள் அதைப் போட்டுவிட்டுத்தான் சமைக்கிறார்களாம். ஊருக்கெல்லாம் பாடிய மனிதர், கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் கட்டின மனைவிக்கென்று ஒரு பாட்டுப் பாடியதில்லை. அன்றைக்குத்தான் பாடினார். அதுவும் அப்படிப் போய்விட்டது.

அடுத்த நாள் காலையில் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒரு அல்பம் செய்வமே?"

"கோயில் பாட்டோ?"

"இல்லை. எல்லாம். படப்பாட்டு, கீர்த்தனை, ஒரு இத்தாலிப் பாட்டு, ஒரு பைலா. எல்லாத்தையும் பாடிப் பாக்கோணும்." குரலைத் தணித்தார். "மற்றதெல்லாம் எப்பிடிப் போனாலும் பரவாயில்லை. மண்டபத்திலை பாடின அந்த ஒரு பாட்டு உன்ரை மச்சாளுக்குப் பிடிக்கோணும். அவவுக்கு இப்ப சொல்லிப்போடாதை."

என்னிடம் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பல்கலைக்கழகம் முடித்துவிட்டு நிரந்தர வேலைக்குக் காத்திருக்கிற காலம் அது. அதற்கு முந்தின மாதம் காளான் வளர்த்தேன். அதற்கும் முதல் போர்த்துக்கீச மொழி படித்தேன், பைலா என்கிற எங்கள் ஆட்டப்பாட்டு எங்கிருந்து வந்தது என்று அறிய. என்னிடம் ஒரு லப்டொப்பும் ஒரு நல்ல மைக்கும் இருந்தன. மதியச் சோற்றுக்கு முதலே அல்பத்தின் அட்டைப்படத்தைக் கீறி முடித்துவிட்டேன். பாட்டு ஒன்றும் இன்னும் இல்லை, அது வேறு கதை.

செய்தி துறைமுகத்துக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கவில்லை. பாடகர் குழாமின் மூத்த மாமா ஒருவர் எஞ்சின் கொட்டிலுக்கே வந்துவிட்டார்.

"என்னடாப்பா, பீடத்தாலை இறங்கப்போறியாம்?"

"இறங்கேல்லை மாமா. ஞாயிற்றுக்கிழமை வழமைபோல அங்கைதான் நிப்பன்."

"பைலாவும் பாடுறியாமே?"

"ஓம்."

"அப்ப எனக்கும் ஒரு கொப்பி எடுத்துவை" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு போனார். பங்குச் சுவாமியும் அதையேதான் கேட்டார், சுற்றிப் பார்க்காமல்.

எங்கள் வீட்டின் பின்னறையில் மெத்தைகளை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து, யன்னலுக்குப் போர்வை கட்டி, அதை ஸ்ரூடியோ என்று அறிவித்தேன். இத்தாலிப் பாட்டின் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பாடம் பண்ணுவதற்காகக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். மச்சாள் அதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, "உதென்ன, மருந்தோ?" என்று கேட்டார்.

போர்வையும் மெத்தையும் தடுக்காத ஒரு சத்தம் இருந்தது. பாண் ஓட்டோ, ஒலிபெருக்கியில் ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக ரொட்டி விற்கிற வண்டி. எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரே மேற்கத்தியச் செவ்விசை அந்தப் பாண் ஓட்டோவின் மெட்டுத்தான். இத்தாலிப் பாட்டின் உச்சத்தில் அண்ணன் குரலைத் தூக்குவார், சரியாக அந்த இடத்தில் ஓட்டோ தெருமுனையில் திரும்பும். ஒரு நாள் இரண்டும் ஒரே சுருதியில் வந்துவிட்டன. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. தனியாக ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

படப்பாட்டுகளுக்கு நான் கீபோட்டில் இசையை முதலே பதிந்து வைத்திருந்தேன். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு அண்ணன் பாடவேண்டும். பாடினார். முதலடி அருமை. இரண்டாவது அடிக்கு இசை போய்விட்டது, அண்ணன் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு நிதானமாக இரண்டாவது அடியைத் தொடங்கினார். இசை அப்போது மூன்றாவதில் நின்றது.

"அண்ணை, பிந்துறியள்."

"பிந்தேல்லையே."

திரும்பத் திரும்பப் பதிந்தோம். ஒவ்வொரு முறையும் அடி முடிந்ததும் ஒரு நிறுத்தம். மூச்சு எடுக்கிற நிறுத்தம் அல்ல, அதைவிட நீளம். கணினியில் அந்த இடைவெளிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. இது பிழை இல்லை, பழக்கம்.

பூசையில் பதிலுரைப் பாடல் என்று ஒன்று உண்டு. பாடகர் ஒரு அடி பாடுவார், சனம் பதிலடி பாடும். எங்கள் கோயில் நீளமான கோயில், வாங்கு என்று நாங்கள் சொல்கிற மரப் பெஞ்சுகள் வரிசை வரிசையாகப் போகும். முன் வாங்கில் இருப்பவர்கள் பதிலைப் பாடி முடிக்கிற நேரம் பின் வாங்கில் இருப்பவர்கள் பாதியில்தான் நிற்பார்கள். அங்கே குழந்தை வைத்திருக்கிறவர்களும் முழங்கால் நோகிறவர்களும் பிந்தி வந்தவர்களும். அண்ணன் எப்போதும் கடைசி வாங்கு பாடி முடியும்வரைக்கும் காத்திருந்துதான் அடுத்த அடியைத் தொடங்குவார். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு கிழமையும் அப்படி. அது அவருடைய தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. காதலியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, முழுப் பங்கும் சேர்ந்து பதில் சொல்லிமுடிக்கும்வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கலியாண மண்டபத்தில் சனம் எழும்பி நின்றதிலும் ஆச்சரியம் இல்லை. தங்களுடைய முறை வந்துவிட்டது என்று அதுகளின் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

நான் கண்டுபிடிப்பில் துள்ளினேன். அண்ணன் கதிரையில் இருந்துவிட்டார்.

"நான் என்ன செய்யிறது? நிக்கக்கூடாதெண்டு நினைக்க நினைக்கத்தான் கூட நிக்குது."

"நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். நான் வெட்டுறன்."

வெட்டினேன். பின்னேரம் முழுக்க இருந்து எல்லா இடைவெளிகளையும் கத்தரித்து அடிகளை நெருக்கி ஒட்டினேன். மிகவும் கெட்டித்தனமான வேலை என்று நினைத்துக்கொண்டுதான் அண்ணனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"உது நானில்லை" என்றார். "உது சின்னக்கடைச் சந்தையிலை மீன் ஏலம் கூறுறவன்."

உண்மைதான். நிலவையும் காதலையும் யாருக்கோ அவசரமாக விற்றுத் தள்ளுவதுபோல் இருந்தது.

கீர்த்தனைகளுக்கு வயலின் வாசிக்க உடுவிலிலிருந்து ஒரு ரீச்சர் வந்தார். தலைக்கவசத்தோடு ஸ்கூட்டரில், வயலின் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வருவார். சைவக் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் வாசித்துப் பழகியவர். கிறிஸ்தவப் பாடகருக்கு இதுவரை வாசித்ததில்லை என்றார், வந்ததும் தேத்தண்ணி கேட்டார், சீனி கூடப் போடச் சொன்னார். எனக்குப் பயம். இந்த இடைவெளிகளைக் கேட்டால் இந்த மனிசி பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுமே.

அண்ணன் முதலடியைப் பாடினார். நின்றார். அந்த இடத்துக்குள் வயலின் நுழைந்தது. அவர் பாடிய அதே சங்கதியை மெல்லியதாகத் திருப்பிச் சொல்லி, நுனியில் தன்னுடையதாக ஒரு சின்ன வளைவு வைத்து, முடித்தது. முடிந்த அந்த இடத்தில் அண்ணன் அடுத்த அடியை எடுத்தார். ஒரு ஒத்திகையும் இல்லாமல் முழுக் கீர்த்தனையும் அப்படியே போனது. அண்ணனின் முகத்தை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முகம்.

"இவர் நிக்கிறது உங்களுக்குக் கரைச்சலா இல்லையோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

"என்ன கரைச்சல்? அவர் விடுற இடம் எனக்கெல்லோ. இடம் விடாமல் பாடுறவையோடைதான் எனக்குச் சண்டை."

இரண்டு கீர்த்தனைகளும் ஒரே காலையில் முடிந்துவிட்டன. இத்தாலிப் பாட்டுக்கும் ரீச்சர் தானாகவே வில்லைத் தூக்கினார். பைலாவுக்குப் பாடகர் குழாமில் ஆறேழு பேரைக் கூப்பிட்டுக் கைதட்டிப் பதில் பாட வைத்தோம். மூத்த மாமாவின் தொண்டைதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. எனக்கு வழி பிடிபட்டுவிட்டது. அண்ணனை மாற்றத் தேவையில்லை, பதில் சொல்ல ஆள் வைத்தால் சரி.

அதே வழியில் காதல் பாட்டுக்கும் போனோம். நான் பதிந்து வைத்த இசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரீச்சரை அண்ணனுக்கு முன்னால் இருத்தினேன். அண்ணன் கேட்டார், வயலின் பதில் சொன்னது. கேட்டார், சொன்னது. ஒரு பிசகும் இல்லை. ஆனால் எங்கோ ஏதோ இடறியது. அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரீச்சருக்குத் தெரிந்தது. பாதியில் வில்லை இறக்கிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"தம்பி, இந்தப் பாட்டுக்கு நான் இப்பிடிக் குழைஞ்சு குழைஞ்சு பதில் சொன்னனெண்டால் உம்மடை மனுசி என்னை உடுவில் வரைக்கும் துரத்திக்கொண்டு வருவா."

அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. ரீச்சர் போனபிறகு இன்னொருமுறை தனியாகப் பாடிப் பார்த்தார். பழையபடி பெரிய கோயில் வந்து அறைக்குள் நின்றது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"விடு தங்கச்சி. அந்தப் பாட்டை விட்டிட்டு மிச்சத்தை வெளியிடுவம்."

"அந்தப் பாட்டுக்காகத்தானே தொடங்கினது!"

"மிச்சம் வடிவா வந்திருக்கு. அது காணும், போதும்."

"காணாது! உங்களுக்கு விசரோ? எல்லாம் செய்து முடிச்சுப்போட்டு..."

நான் போட்ட சத்தம் மெத்தைகளையும் தாண்டிப் போயிருக்கவேண்டும். கதவு திறந்தது. மச்சாள் கையில் றால் பொரியலும் பாணும். மத்தியானம் தாண்டியிருந்ததை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"என்ன, அண்ணைக்கும் தங்கச்சிக்கும் சண்டை?"

அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. என்னால் எதையும் வாய்க்குள் வைத்திருக்கமுடிந்த நாள் இல்லை.

"மச்சாள், உங்களுக்கெண்டு ஒரு பாட்டு. அது வருகுதில்லை. விடப்போறாராம்."

"எனக்கோ?" மச்சாள் கோப்பையை ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலே வைத்தார். எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை. தெரிந்துவிட்டது. பிறகு ரீச்சர் இருந்த கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தார்.

"பாடுங்கோ பாப்பம்."

நான் சத்தமில்லாமல் பதிவுப் பொத்தானை அமத்தினேன்.

மச்சாள் வடகரைக் கடற்கரை ஊர்க்காரி. வள்ளியம்மன் கதை கேட்டும் சந்நிதி முருகன் கோயில் தேர் பார்த்தும் வளர்ந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனோடு பூசைக்கு வருவார், கடைசி வாங்கில் ஓரமாக இருப்பார். வெள்ளிக்கிழமைகளில் தன் பிள்ளையாரிடம் போவார். இரண்டுக்கும் இடையில் எங்கள் வீட்டில் ஒரு சச்சரவும் இல்லை. ஆனால் கோயிலில் மச்சாள் வாய் திறந்து பதிலடி பாடியதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அண்ணன் முதலடியைப் பாடினார். நிலவு வந்ததே, பார்த்தாயா என்பதுபோல ஒரு கேள்வி. வழமைபோல நின்றார்.

மச்சாள் இரண்டு பக்கமும் பார்த்தார். "என்னையோ கேக்கிறியள்?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"ஓம், பாத்தனான். முகிலுக்கை கிடந்தது."

அண்ணனின் வாய் கோணியது. அடுத்த அடியை எடுத்தார். நித்திரை வந்ததா என்ற கேள்வி.

"நீங்கள் விடுற குறட்டையிலை நான் எங்கை நித்திரை கொள்ளுறது?"

அடுத்த அடியில் சிரிப்பு இருந்தது. குரலைக் கெடுக்கிற சிரிப்பு அல்ல, குரலுக்கு அடியில் ஓடுகிற சிரிப்பு. இத்தனை வருடம் கேட்ட குரலில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. என்னை நினைத்தாயா என்றார்.

"காஸ் முடியப்போகுதெண்டு நினைச்சன். பேந்து உங்களையும் நினைச்சன்."

நான் போர்வையின் நுனியை வாயில் திணித்துக்கொண்டேன், சத்தம் மைக்கில் விழாமல்.

கடைசி அடி, என்னோடு வருவாயா என்பது. அண்ணன் அதை மிகவும் தணித்துப் பாடினார். மச்சாள் உடனே பதில் சொல்லவில்லை. அண்ணனும் அடுத்ததற்குப் போகவில்லை. இறங்குதுறைப் பக்கம் ஒரு படகு எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"வந்திட்டன்தானே" என்றார் மச்சாள்.

பிறகு எழும்பி, "றால் ஆறுது" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டார். அண்ணன் பின்னாலேயே போனார். வாசலில் நின்று, "கோயிலிலை ஒருநாளும் பதில் பாடமாட்டீர், இப்ப மட்டும் என்ன வாய்?" என்று கேட்பது கேட்டது.

"அங்கை நீங்கள் கடவுளோடை கதைக்கிறியள். அதுக்கை நான் ஏன் வாய் வைப்பான்?"

அந்தப் பதிவை அப்படியே, மச்சாளின் பதில்களோடு அல்பத்தில் போடவேண்டும் என்பது என் கட்சி. சாப்பிட்டுக்கொண்டே அரை மணித்தியாலம் பேசினேன். கலை, உண்மை, வாழ்க்கை என்று பெரிய பெரிய சொற்களெல்லாம் வந்தன. மச்சாள் மீன் முள்ளு எடுக்கிற பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, காஸ் முடிஞ்ச கதை கனடாவுக்கு என்னத்துக்கு? என்ரை குரலை எடுத்துப்போடும்."

அண்ணனும் அந்தப் பக்கமே நின்றார். எடுத்தேன். எடுப்பது சுலபம்தான், மச்சாள் பேசியதெல்லாம் அண்ணன் விட்ட இடைவெளிகளுக்குள்தானே. இசையும் வேறு சேர்க்கவில்லை, ஒரு கிற்றார் மட்டும் பின்னால் மெதுவாக. முடித்துவிட்டுப் போட்டுக் கேட்டபோது எனக்கே புதினமாக இருந்தது. இடைவெளிகள் அப்படியே இருந்தன. சிலது பழையதைவிட நீளம்கூட. ஆனால் இந்த முறை கோயில் வரவில்லை. ஒருவர் கேட்டுவிட்டு, எதிரே இருக்கிற இன்னொருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது கேட்டது. முழுப் பங்குக்கும் நிற்பதற்கும் ஒரு ஆளுக்கு நிற்பதற்கும் வித்தியாசம் காதில் விழும் என்று நான் எங்கும் படித்ததில்லை. ஒரு இடத்தில் மட்டும் மச்சாளின் சிரிப்பின் நுனி அண்ணனின் குரலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரிக்கமுடியவில்லை. முயன்றேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அல்பம் வெளிவந்து இப்போது சில கிழமைகள். கீர்த்தனைகளைக் கேட்டுவிட்டு ரீச்சரின் மாணவிகள் இரண்டு பேர் அண்ணனைப் பார்க்க வந்தார்கள். எஞ்சின் கொட்டிலில் எண்ணெய்க் கையோடு நின்ற ஆளைப் பார்த்து, பாடகர் எங்கே என்று அவரிடமே கேட்டார்கள். மூத்த மாமா பைலாவைத் தவிர மற்றது ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. மச்சாள் அல்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அந்த ஒரு பாட்டுக்காகத்தான் இவ்வளவும் செய்தோம், பிடித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மூன்று தரம் கேட்க வாயெடுத்தேன், மூன்று தரமும் அண்ணன் கண்ணைக் காட்டி மறித்தார்.

போன சனிக்கிழமை நான் வெளியே போய்விட்டுப் பின்வழியால் வீடு திரும்பியபோது மச்சாள் கிணற்றடியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கை படாமல் கிணற்றுக் கட்டில் ஃபோனை நிமிர்த்தி வைத்திருந்தார். அந்தப் பாட்டு. நான் சத்தம் காட்டாமல் வேலியோடு நின்றுவிட்டேன். மச்சாள் ஒரு நண்டுக் காலை உடைப்பார், பாட்டு நிற்கிற இடத்தில் கையும் நிற்கும். உதடு மட்டும் அசையும். என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை.

அப்போது முன்பக்கத்தால் அண்ணன் வந்தார். கொட்டிலில் ஏதோ திருகாணி வழுக்கிய கோபம்; வரும்போதே உரத்துக் கதைத்துக்கொண்டு வந்தார்.

மச்சாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நண்டுக் கையை உயர்த்தினார்.

"இஞ்சாருங்கோ, ஒருக்காச் சத்தம் போடாமல் நில்லுங்கோ. பாட்டுப் போகுது."

அண்ணன் அப்படியே நின்றார்.